கோடை மலைப்பயணம்: ரேடியேட்டர் மாற்றியவர்கள் கியர்பாக்ஸையும் பாருங்கள்

கோவிந்தாபுரம், முதலமடை, மீனாட்சிபுரம் வட்டார ஆட்டோமேட்டிக் கார் உரிமையாளர்களுக்கு: பங்குனி, சித்திரை மாத ஆலோசனை

2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டு வெயில் 41 டிகிரியைத் தாண்டியது. அப்படிப்பட்ட வெயிலில் நெல்லியாம்பதிக்கோ, 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறைக்கோ, போடிமெட்டு வழியாக இடுக்கிக்கோ கிளம்புகிறவர்கள் கூலன்ட் அளவை மட்டும் பார்த்துவிட்டுப் போவது போதாது. டார்க் கன்வெர்ட்டர் வகை வண்டிகள் பலவற்றில் கியர் ஆயிலும் ரேடியேட்டர் தொட்டிக்குள் இருக்கும் சிறு கூலரில்தான் சூடு ஆறுகிறது. இன்ஜின் சூட்டு முள் நடுவில் நின்றாலும் கியர் ஆயில் அளவு மீறிச் சூடாகியிருக்கலாம்.

ஏஎம்டி வண்டிக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அதில் டார்க் கன்வெர்ட்டர் இல்லை; இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான். சில டார்க் கன்வெர்ட்டர் வண்டிகளில் ஆயில் கூலர் கியர்பாக்ஸிலேயே பொருத்தியிருக்கும். உங்கள் வண்டி எந்த வகை என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்

1. வெளி மார்க்கெட் ரேடியேட்டர் போட்டிருந்தால், கியர்பாக்ஸிலிருந்து வரும் இரண்டு ஆயில் குழாய்களும் எங்கே போகின்றன என்று பாருங்கள். மேனுவல் மாடலுக்கான ரேடியேட்டரில் ஆயில் கூலர் இருக்காது. அதை மாட்டிவிட்டு இரண்டு குழாய்களையும் ஒன்றோடொன்று இணைத்திருந்தால், சமவெளியில் வண்டி ஓடுவதை நம்பி மலை ஏறாதீர்கள்.

2. அப்படி இணைத்திருந்தால் சரியான ரேடியேட்டரை மாட்டுங்கள்; இல்லையேல் ஏசி கண்டென்சருக்கு முன்னால் தனி ஆயில் கூலர் போடுங்கள். இரண்டும் இருந்தால் ஆயில் முதலில் ரேடியேட்டருக்கும், பிறகு தனிக் கூலருக்கும் போய்க் கியர்பாக்ஸுக்குத் திரும்பட்டும். கியர் ஆயிலுக்கென்றே வரும் ஹோஸைத்தான் போட வேண்டும்.

3. இன்ஜின் ஆறியபின் கூலன்ட் தொட்டியைத் திறந்து பாருங்கள். ரோஸ்மில்க் போல இருந்தால் உள்கூலர் ஓட்டையாகி ஆயிலும் கூலன்ட்டும் கலந்துவிட்டன. அந்தக் கலவை கிளட்ச் தட்டுகளின் பூச்சைப் பெயர்த்துவிடும். ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

4. கியர் ஆயில் கருத்துக் கருகல் வாடை அடித்தால் மாற்றுங்கள். வண்டிக் கையேடு சொல்லும் ரகம் மட்டுமே. அளவையும் கையேடு சொல்லும் சூட்டில்தான் பார்க்க வேண்டும்.

5. ரேடியேட்டர் துடுப்புகளில் அடைந்த மாந்தோப்புப் புழுதியையும் பூச்சிகளையும் மெல்லிய நீரோட்டத்தால் கழுவுங்கள்.

மலையில்

ஏற்றத்தில் மேனுவல் மோடில் கீழ் கியருக்கு வாருங்கள். நெரிசலில் நிற்கும்போது ஆக்சிலேட்டரை மிதித்து வண்டியைச் சரிவில் தாங்காதீர்கள், பிரேக் பிடியுங்கள். டார்க் கன்வெர்ட்டர் வழுக்கும்போதுதான் ஆயிலில் சூடு ஏறுகிறது. இறக்கத்திலும் கீழ் கியரே நல்லது.

கியர் சூட்டு எச்சரிக்கை வந்தால் ஓரங்கட்டி, ‘பி’யில் போட்டு, ஏசியை அணைத்து, இன்ஜினை ஐடிலில் ஓடவிடுங்கள். ஆயிலைச் சுற்றவிடும் பம்ப் இன்ஜினால்தான் ஓடுகிறது. இன்ஜின் முள்ளும் சிவப்பைத் தொட்டால் உடனே அணையுங்கள். பழுதான வண்டியைக் கயிறு கட்டி இழுக்க வேண்டாம். நான்கு சக்கரமும் தரையில் படாமல் ஏற்றிச் செல்லும் மீட்பு வண்டியை அழையுங்கள்.