கூரையின்றி நிற்கும் வீடுகள்

நுழையும்முன்

அரண்மனைகளும் கோட்டைகளும் காலத்தை வென்று நிற்கின்றன. எளிய மக்கள் உண்டு உறங்கிய வீடுகளோ மண்ணுக்குள் மறைந்துவிடுகின்றன. அத்தகைய வீடுகளைத் தேடிச்சென்று காணும் பயணம், நூலில் படிக்கும் வரலாற்றினின்று வேறுபட்டது.

இராஜபாளையத்திலிருந்து புறப்படும் மாணவர் குழு திருவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், தே.கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாக மதுரையை அடைந்து, சிலைமானைக் கடந்தால் கீழடி வந்துவிடும். மலைபோன்ற மதில்களை எதிர்பார்த்துச் செல்வோர் முதலில் ஏமாற்றமடைவர். அங்குக் கண்ணில் படுவது தென்னந்தோப்பு. அதனிடையே சதுரச் சதுரமாக வெட்டப்பட்ட குழிகள். குழிக்குள் முழங்காலளவு எழுந்து நிற்கும் செங்கற்சுவர்கள். அவ்வளவே. அந்தச் சுவர்களின் முன் சற்று நேரம் நிற்பவருக்கே அவ்விடம் பேசத் தொடங்கும்.

இந்தியத் தொல்லியல் துறை 2014–15இல் இங்கு அகழாய்வைத் தொடங்கி மூன்று கட்டங்களை மேற்கொண்டது. நான்காம் கட்டமுதல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை பணியைத் தொடர்ந்தது. நான்காம் கட்டத்தில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிம மாதிரி, பொ.ஆ.மு. 580ஆம் ஆண்டைச் சார்ந்தது என ஆய்வகம் கணித்தது. அகழாய்வில் ஆழமே காலம். ஒவ்வொரு மண்ணடுக்கும் ஒரு தலைமுறையின் தரை. மேலடுக்கை அகற்றாமல் கீழடுக்கைக் காண இயலாது. அகற்றிய அடுக்கை மீண்டும் அமைக்கவும் இயலாது. ஆகவேதான் ஓர் ஓடு எந்த ஆழத்தில், எதனருகில் கிடந்தது என்று எழுதிவைக்கும் குறிப்பேடு, அந்த ஓட்டைவிட விலைமதிப்புடையதாகிறது. ஆழம் குறிக்கப்படாத பொற்காசு அழகிய பொருளாகலாம், சான்றாகாது.

வீட்டின் உறுப்புகள்

கீழடியில் முழுமையான வீடு ஒன்றும் நிற்கவில்லை. அதன் உறுப்புகள் சிதறிக் கிடக்கின்றன. கூரை ஓடுகளில் துளைகள் உள்ளன. மரச்சட்டத்தோடு கயிற்றால் பிணைப்பதற்காக இடப்பட்டவை அவை. மழைநீர் வழிந்தோட ஓட்டின்மேல் பள்ளக்கோடுகள் உள்ளன. சுடுமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உறைகிணறுகள் உள்ளன. நீர் செல்வதற்கெனச் சுடுமண் குழாய்களையும் பொருத்தியிருந்தனர். கூரையில் விழும் நீரையும் நிலத்தடியில் ஊறும் நீரையும் ஒருங்கே எண்ணிப்பார்த்த மக்கள் அவர்கள்.

தாயக்கட்டைகளும் சிறுவர் ஆடிய வட்டச்சில்லுகளும் கிடைத்துள்ளன. உடைந்த பானையோட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லு அது. திருவில்லிபுத்தூர்த் தெருக்களில் பாண்டி ஆடியவருக்கு அதன் பயனை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பானையோடுகளில் தமிழி எழுத்துகளில் ஆதன், குவிரன் முதலிய பெயர்கள் கீறப்பட்டுள்ளன. எழுத்தின் வடிவம் ஓட்டுக்கு ஓடு வேறுபடுகிறது. பானையை வனைந்த ஒருவரே அனைத்தையும் எழுதியிருந்தால் இவ்வேறுபாடு தோன்றாது. பலர் தத்தம் கையால் எழுதியிருக்க வேண்டும் என ஆய்வாளர் கருதுவது இதனால்தான். மன்னனின் ஆணை கல்லில் எழுதப்படுவது வியப்பன்று. சமையற்கலத்தில் ஒருவர் தம் பெயரை எழுதிக்கொள்வதே வியப்பு.

தக்களியும் தறியும்

இராஜபாளையத்து மாணவர் நெடுநேரம் நிற்கும் இடம் ஒன்றுண்டு. 2023 மார்ச் 5ஆம் நாள் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தில் சுடுமண் தக்களிகள் வைக்கப்பட்டுள்ளன. நூல் நூற்கும் கழியின் அடியில் கோக்கப்படும் சிறு வட்டு அது. எலும்பாலான கூர்முனைக் கருவிகள், தறியில் தொங்கவிடும் கற்கள், செம்பு ஊசி ஆகியனவும் இங்குக் கிடைத்துள்ளன. நூற்பது, நெய்வது, தைப்பது என்னும் மூன்று தொழில்களின் தடங்கள் இவை. 1936இல் தொடங்கப்பட்ட ஆலை முதலாகப் பல நூற்பாலைகளைக் கண்ட ஊரிலிருந்து, மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் சத்திரப்பட்டியின் பக்கத்திலிருந்து வந்தவருக்கு, கண்ணாடிக்குள் இருக்கும் அவ்வட்டு வெறும் காட்சிப்பொருளன்று. இரவுப்பணி முடித்து வரும் தாயின் தலைமுடியில் ஒட்டியிருக்கும் பஞ்சு நினைவுக்கு வரும்.

கிரேக்க நாட்டின் வடபகுதியில் ஒலிந்தோஸ் என்றொரு நகர் இருந்தது. பொ.ஆ.மு. 348இல் மாசிடோனிய மன்னர் இரண்டாம் பிலிப் அதனை அழித்தார். 1928 முதல் 1938 வரை நான்கு முறை நடந்த அகழாய்வில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் வெளிப்பட்டன. நேர்நேரான தெருக்கள், நடுவே முற்றம் வைத்த வீடுகள், வீடுகளுக்குள் களிமண்ணாலான தறிக்கற்கள். வீடு விற்ற செய்தியைப் பொறித்த கல்வெட்டுகள்கூடக் கிடைத்துள்ளன. முற்றத்து வீட்டின் அமைப்பைத் தென்தமிழ்நாட்டவருக்கு விளக்க வேண்டுமா என்ன!

எனினும் ஒலிந்தோஸையும் கீழடியையும் ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது. அங்குத் தெருவின் வரைபடமே கிடைத்துள்ளது. இங்குச் சுவர்த்துண்டுகளே கிடைத்துள்ளன. கீழடியின் பரந்த மேட்டில் தோண்டப்பட்டது சிறுபகுதி. இதன் காலக்கணிப்பைப் பற்றி அறிஞரிடையே மாறுபட்ட கருத்துகளும் உண்டு. கிடைத்ததைக் குறைத்துச் சொல்வது எவ்வளவு தவறோ, கிடைக்காததைக் கூட்டிச் சொல்வதும் அவ்வளவு தவறு. ஊரின் பெருமைக்காகச் சான்றை நீட்டுவோர், நாளை உண்மையான சான்று கிடைக்கும்போது அதனை நம்புவாரின்றிச் செய்துவிடுகின்றனர்.

ஆய்வு முடிந்த குழிகள் பல மீண்டும் மண்ணிட்டு மூடப்பட்டன. மழையும் வெயிலும் செங்கல்லை அரித்துவிடும். மண்ணே அதற்குப் பாதுகாப்பு. அத்துடன், அவை பிறர் உழுதுண்ணும் நிலங்கள். தோண்டுவதற்கு நிலத்தைத் தந்த உழவர், குழி மூடப்பட்டபின் அதே நிலத்துக்கு நீர் பாய்ச்சுகிறார். அவர் காலடியில் ஓர் உறைகிணறு இருக்கிறது.

திரும்பும் பயணத்தில் மாணவருள் எவரேனும், நம் பக்கத்தில் இத்தகைய மேடு இல்லையா எனக் கேட்கக்கூடும். இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டையில், வைப்பாற்றங்கரையில் 2022ஆம் ஆண்டு அகழாய்வு தொடங்கியது. உடைந்த சங்கு வளையல்கள் அங்கு ஏராளமாகக் கிடைத்தன. இராஜபாளையத்திலிருந்து அதற்கு மதுரைவரை செல்ல வேண்டியதில்லை.