ஒரு மூடி ஆயில் கூடினால் இன்ஜின் பிழைக்குமா?

முதல் மழையில் களை மண்டியதும் தோப்புக்காரர்கள் பிரஷ் கட்டரையும் களை எடுக்கும் மெஷினையும் கொட்டகையிலிருந்து வெளியே எடுப்பார்கள். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலிப்பதுதான் மிச்சம். அடுத்த நாள் மெக்கானிக் கடை வாசலில் மெஷின்கள் வரிசைகட்டி நிற்கும். அதிகம் உழைத்துப் பழுதானவை அவற்றில் குறைவு. நல்லது என்று நம்பிச் செய்த காரியங்களால் படுத்தவையே அதிகம்.

முதல் நம்பிக்கை, டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஆயில் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு பாதுகாப்பு என்பது. தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வாங்கி, மூடியால் ஆயில் அளந்து ஊற்றி, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இன்னொரு மூடியும் சேர்ப்பது ஊரெங்கும் நடக்கிறது. எரியாத ஆயில் எங்கே போகும்? கரியாகிப் பிளக்கின் முனையில் படியும். புகை வெளியேறும் துவாரத்தையும் சைலன்சர் வலையையும் அடைக்கும். புகை போக வழியில்லாமல் இன்ஜின் திணறும், இழுவை குறையும். ‘ஆயில் பற்றவில்லை’ என்று மேலும் ஒரு மூடி விழும்.

50:1 என்று மெஷினில் எழுதியிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. 25:1 என்றால் 40 மில்லி. பாட்டில் மூடிகள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்று இந்த வேலைக்குப் போதும். அளவு குறைந்தால் கதை இன்னும் மோசம்: பிஸ்டன் சிலிண்டரோடு உரசிக் கோடு விழுந்து, சீஸ் ஆகிவிடும்.

கடற்கரை ஊர்களில் படகு இன்ஜினுக்கு வாங்கிய ஆயிலையே பிரஷ் கட்டருக்கும் ஊற்றுவது உண்டு. ‘இதுவும் 2டி ஆயில்தானே?’ என்பார்கள். படகில் மாட்டும் அவுட்போர்டு இன்ஜின் தண்ணீரால் குளிர்வது. பிரஷ் கட்டர் காற்றால் மட்டுமே குளிர்வது. அதன் சூடு வேறு. டிசி-டபிள்யூ3 என்று டப்பாவில் போட்ட ஆயில் படகுக்கானது. காற்றால் குளிரும் இன்ஜினுக்கு ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி தரக்குறி உள்ள ஆயிலைப் பார்த்து வாங்க வேண்டும்.

ஃபோர் ஸ்ட்ரோக் மெஷின் வைத்திருப்பவர்களிடம் இதற்கு நேர் எதிரான நம்பிக்கை இருக்கிறது: ‘பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டாம், அதனால் ஆயில் வேலையே இல்லை, குறைந்தால் கொஞ்சம் ஊற்றினால் போதும்.’ பம்ப்செட்டிலும் களை எடுக்கும் மெஷினிலும் பரவலாகக் காணும் ஹோண்டா ஜிஎக்ஸ்160ஐ எடுத்துக்கொள்வோம். அது கொள்ளும் ஆயில் ஏறக்குறைய 600 மில்லிதான். கார், பைக்கில் இருப்பதுபோல் ஆயில் ஃபில்டர் இதில் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் உள்ள சிறு துடுப்பு ஆயிலை அள்ளி வீசுவதால்தான் உள்ளே எல்லாம் நனைகிறது. புது இன்ஜினில் பாகங்கள் ஒன்றோடொன்று உரசிப் பழகும்போது உதிரும் உலோகத் துகள் அந்த ஆயிலிலேயே கிடந்து, திரும்பத் திரும்ப பேரிங் மேல் வீசப்படும். அதனால்தான் முதல் மாதத்தில் அல்லது 20 மணி நேரத்தில் ஆயிலை மாற்றச் சொல்கிறது கையேடு; பிறகு 6 மாதம் அல்லது 100 மணி நேரம், எது முந்துகிறதோ அது. இந்த முதல் மாற்றத்தைத்தான் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். இன்ஜினின் ஆயுளைத் தீர்மானிப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

சில மாடல்களில் ஆயில் குறைந்தால் இன்ஜினைத் தானே நிறுத்தும் சென்சார் இருக்கிறது. அதை நம்பி ஆயிலைப் பார்க்காமல் இருப்பவர்கள் உண்டு. சென்சார் அளவைத்தான் அறியும், அழுக்கை அறியாது. மெஷினைச் சமதளத்தில் வைத்து, அளவுகோலைத் துடைத்து, திருகாமல் உள்ளே நுழைத்து எடுத்துப் பார்ப்பதுதான் முறை. திருகிப் பார்த்தால் கோல் ஆழமாக இறங்கி, இருப்பதைவிட அதிகமாகக் காட்டும்.

‘ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டால் நல்லா இழுக்கும்’ என்பதும் பழைய பேச்சு. அடைத்த ஃபில்டரை எடுத்ததும் இன்ஜின் சீறுவது உண்மைதான். ஆனால் புழுதிக் காட்டில் உள்ளே போகும் மண், ஆயிலோடு சேர்ந்து உப்புத்தாளாகி ரிங்கையும் போரையும் தேய்த்துவிடும். ஃபோம் ஃபில்டர் என்றால் சோப்புத் தண்ணீரில் கசக்கி, நன்றாக உலர்த்தி, சுத்தமான இன்ஜின் ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்ட வேண்டும். காகித ஃபில்டரைத் தட்டித்தான் தூசி எடுக்க வேண்டும். பிரஷ் போட்டால் தூசி இழைக்குள் இறங்கிவிடும்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் முதலில் பழி பிளக் மேல் விழுகிறது. ஓய்வில் கிடந்த மெஷினில் பெரும்பாலும் குற்றவாளி பழைய பெட்ரோல்தான். கார்புரேட்டரில் தேங்கியது ஆவியாகிப் பிசின்போல் படிந்து, ஊசித் துளை அளவே உள்ள ஜெட்டை அடைத்துவிடும். 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த 20 சதவீத எத்தனால் பெட்ரோல் இந்தச் சிக்கலைக் கூட்டியிருக்கிறது. சிறிய இன்ஜின்கள் பலவற்றின் கையேடு 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கும். டூ ஸ்ட்ரோக் டேங்கில் குழாய் உறிஞ்சுவது அந்த அடியைத்தான். கலந்த ஆயிலோ மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். சில வாரத் தேவைக்கு மட்டும் கலந்துகொள்வது நல்லது.

பருவம் முடிந்து ஃபோர் ஸ்ட்ரோக் மெஷினை ஓரம் வைக்கும்போது டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிட வேண்டும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு தேக்கரண்டி சுத்தமான இன்ஜின் ஆயிலை விட்டுக் கயிற்றைச் சில முறை இழுத்தால் சிலிண்டர் சுவர் முழுவதும் பரவும். பிளக்கை மாட்டிய பின் மெல்ல இழுத்து, கைக்குத் தடை தெரியும் இடத்தில் நிறுத்தவும். அந்த நிலையில் இரண்டு வால்வும் மூடியிருக்கும். மழைக்காலத்து ஈரக்காற்று சிலிண்டருக்குள் நுழையாது.