வீட்டின் விலையும் குடியின் இழப்பும்

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்” என்பது நம் நாட்டுப் பழமொழி. வீடு ஒன்றை எழுப்ப ஒருவன் படும் பாட்டை இதைவிடச் சுருங்கச் சொல்ல இயலாது. அவ்வாறு எழுப்பிய வீட்டை நாட்டு நன்மைக்காக விட்டுக் கொடு என்று அரசு கேட்குமானால், அவனுக்கு எதைக் கொடுப்பது முறை? எவ்வளவு கொடுப்பது முறை? எப்போது கொடுப்பது முறை? மாணவ நண்பர்களே, இம்மூன்று வினாக்களையும் சற்றே ஆராய்வோம்.

இவை ஏட்டுச் சுரைக்காய் வினாக்கள் அல்ல. நாம் வாழும் கேரள மாநிலத்தில், நம் கண்ணெதிரே எழுந்தவை. திருவனந்தபுரத்துக் கொச்சுவேளியில் தொடங்கிக் காசர்கோடு வரை ஏறத்தாழ 530 கிலோமீட்டர் நீளத்திற்கு ‘சில்வர்லைன்’ என்னும் விரைவு இரயில் பாதை திட்டமிடப்பட்டது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம். நான்கு மணி நேரத்திற்குள் பயணம். மதிப்பீடு 63,941 கோடி ரூபாய். கேரள அரசும் இரயில்வே அமைச்சகமும் கூட்டாக அமைத்த கே-ரெயில் நிறுவனம் இதனை வகுத்தது. வேண்டிய நிலம் 1,383 எக்டேர். இடிபடக் கூடிய கட்டடங்கள் 9,300-க்கும் மேல்.

2022 ஜனவரியில் முதலமைச்சர் பினராயி விஜயன் இழப்பீட்டுத் திட்டத்தை விளக்கினார். நிலமெடுப்புக்கு 13,265 கோடி ரூபாய். அதில் கட்டடங்களுக்கு 4,460 கோடி, மறுவாழ்வுக்கு 1,730 கோடி. வீடிழப்போருக்கு இழப்பீட்டுக்கு மேல் 4,60,000 ரூபாய் என்றும் கூறப்பட்டது. தொகை சிறிதன்று. ஆயினும் எல்லைக் கல் நடவந்த இடங்களில் மக்கள் திரண்டு தடுத்தனர். 2022 மார்ச்சில் சங்ஙனாசேரியை அடுத்த மாடப்பள்ளியில் நடந்த போராட்டம் நாடெங்கும் பேசப்பட்டது. பணம் தருகிறோம் என்ற பின்னும் மக்கள் ஏன் மறுத்தார்கள்? இதற்கு விடை காணச் சட்டத்தின் கணக்கை முதலில் அறிதல் வேண்டும்.

சட்டம் போடும் கணக்கு

இன்று நடைமுறையில் இருப்பது 2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம். 2014 ஜனவரி 1 முதல் செயற்பட்டு வருகிறது. இதன்படி முதலில் நிலத்தின் சந்தை மதிப்பைக் காண வேண்டும். நாட்டுப்புறமாயின் அதனை ஒன்று முதல் இரண்டு வரையுள்ள ஒரு காரணியால் பெருக்க வேண்டும்; நகரமாயின் காரணி ஒன்றே. இத்துடன் கட்டடம், மரம் ஆகியவற்றின் மதிப்பைச் சேர்க்க வேண்டும். வந்த தொகைக்குச் சமமான மற்றொரு தொகையை ஆறுதல் தொகையாகத் தர வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுப் பார்ப்போம். நகரில் ஐந்து சென்ட் நிலம், மதிப்பு 10 லட்சம்; அதன்மேல் வீடு, மதிப்பு 8 லட்சம் என்று கொள்வோம். கூட்டினால் 18 லட்சம். ஆறுதல் தொகை 18 லட்சம். ஆக 36 லட்சம். பழைய 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தில், 1984-இல் திருத்திய பின்னரும், ஆறுதல் தொகை நூற்றுக்கு முப்பதே. அதன்படி இதே வீட்டிற்கு 23 லட்சத்து 40 ஆயிரமே கிடைத்திருக்கும். புதுச்சட்டம் நெடுந்தொலைவு முன்னேறியிருப்பது கண்கூடு.

ஆனால் இக்கணக்கின் வேர் எங்கே இருக்கிறது? சந்தை மதிப்பில் இருக்கிறது. அம்மதிப்பைக் காண, அரசின் வழிகாட்டி மதிப்போடு, அண்டையில் மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களையும் புரட்டுகிறார்கள். அவற்றுள் விலை மிகுந்த பாதியை எடுத்துச் சராசரி காண்கிறார்கள். முத்திரைத்தாள் செலவுக்கு அஞ்சி, 20 லட்சத்திற்கு வாங்கியதை 10 லட்சம் என்று எழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு. அன்று மிச்சம் பிடித்தவன் ஒருவன். இன்று அதனால் இழப்பவர்கள் தெருவார் அனைவரும்! வேர் பாதியானால் மரமும் பாதிதானே?

மற்றொன்றும் அறியத்தக்கது. நான் குடியிருக்கும் வலியசாலை இத்திட்டத்தின் வழியில் இல்லை. ஆயினும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் இங்குள்ள வரிசை வீடுகளைப் பார்க்குந்தோறும் ஓர் எண்ணம் எழும். இத்தகைய வீட்டில் முன்கட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அடுக்களையை விட்டுச் சென்றால் அது வீடாகுமா? ஆகாது. ஆதலால், வீட்டில் ஒரு பகுதியை மட்டும் எடுக்க முற்பட்டால், முழுவதையும் எடுத்துக்கொள் என்று கேட்கும் உரிமையைச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு உடையவனுக்குத் தருகிறது.

இரண்டு சொற்கள்

இவற்றையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் உண்டு. நெல்லைச் சீமையில் இருந்த என் பாட்டனாரின் வீடு, பழைய சட்டத்தின் காலத்தில், ஒரு பொதுப்பணிக்காக எடுக்கப்பட்டது. கொடுத்த தொகையை வாங்கிக்கொண்டு, காட்டிய இடத்தில் அவர் கையெழுத்திட்டார். பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்தின் மேல் “எதிர்ப்புடன் பெறுகிறேன்” என்று இரண்டு சொற்களை எழுதினார். அவர் வழக்காடி, கூடுதல் தொகை பெற்றார். பாட்டனாருக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. பின்னர் என் தந்தையார் பிழைப்புத் தேடி இவ்வூர் வந்தார். இன்றும் எங்களுக்கு வாடகை வீடுதான்.

அன்றிருந்த விதி இன்றைய சட்டத்திலும் உள்ளது. எதிர்ப்பைக் குறிக்காமல் பணம் பெற்றவன் கூடுதல் கேட்டு மனுச் செய்ய இயலாது. ஆட்சியர் தொகையை முடிவு செய்து தீர்வு வழங்கும்போது நேரில் இருந்தவன் ஆறு வாரத்திற்குள் மனுக் கொடுத்தாக வேண்டும். அறிந்தவனுக்கு ஒரு விலை, அறியாதவனுக்கு ஒரு விலை என்றால், அது நீதியாகுமா?

காத்திருப்புக்கு விலை என்ன?

இனி மூன்றாவது வினா. எப்போது கொடுப்பது? இழப்பீட்டை முழுவதும் கொடுத்த பின்னரே வீட்டைக் கைக்கொள்ள வேண்டும் என்கிறது சட்டம். சமூகத் தாக்க ஆய்வுக்கான அறிவிப்பு நாள் முதல் தீர்வு நாள் வரை, சந்தை மதிப்பின்மேல் ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு கூடுதலாகத் தரவும் சொல்கிறது. நம் எடுத்துக்காட்டில் நிலத்தின் மதிப்பாகிய 10 லட்சத்திற்கு அது ஆண்டொன்றுக்கு 1,20,000 ரூபாய். தீர்வு வந்தால் இது கிடைக்கும். தீர்வே வராவிட்டால்?

சில்வர்லைனில் நேர்ந்தது அதுதான். கல் நட்டார்கள், ஆய்வைத் தொடங்கினார்கள். நிலத்தை எடுக்கும் படிக்குத் திட்டம் செல்லவில்லை. 2022 நவம்பரில், இப்பணிக்கென அமர்த்திய வருவாய்த்துறை ஊழியர்களை அரசு திரும்ப அழைத்தது. கல் விழுந்த மனைகளுக்கு வங்கிகள் கடன் தரத் தயங்குவதாகக் குறை எழுந்தது. தடை ஏதுமில்லை என்று அரசு விளக்கியது. ஆனால் மஞ்சள் கல் நிற்கும் மனையை வாங்க யார் துணிவார்? மகள் திருமணத்திற்கு விற்க நினைத்தவனும், ஒழுகும் கூரையை மாற்றுவதா வேண்டாமா என்று தயங்கியவனும் இழந்தது காலம். தொடங்கிய நிலமெடுப்பை அரசு கைவிட்டால் நேர்ந்த சேதத்திற்கு ஈடு தர 93-ஆம் பிரிவு வழி செய்கிறது. ஆனால் ஆய்வு நிலையிலேயே நின்றுபோன திட்டத்தில் காத்திருந்தவனுக்கென்று தெளிவான கணக்கு எதுவும் சட்டத்தில் எழுதப்படவில்லை.

இங்கிலாந்தில் 1973-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டின் விலைக்குப் புறம்பாக, அதில் குடியிருந்தவனுக்கு ‘குடியிழப்புத் தொகை’ ஒன்று தருகிறார்கள். வீட்டு மதிப்பில் நூற்றுக்குப் பத்து. அதற்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. நம் ஆறுதல் தொகை அதனினும் பெரிது. ஆனால் அது வெற்று மனைக்கும் வாழ்ந்த வீட்டுக்கும் ஒன்றே. விலை வேறு, குடி வேறு என்று அவர்கள் பிரித்துக் கண்டது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இரயில் வேண்டாம் என்பது என் கருத்தன்று. அறிவியல் பயிலும் எவனும் அவ்வாறு கூறான். நான் வேண்டுவது இதுவே: எல்லைக் கல் நட்ட நாளே இழப்புத் தொடங்கும் நாள் என்று சட்டம் ஏற்க வேண்டும். பாதை வந்தாலும் வாராவிட்டாலும், காத்திருந்த ஆண்டுகளுக்கு ஈடு தர வேண்டும்.

நண்பர்களே, சட்டம் மாறும் வரை நாம் வாளா இருக்க வேண்டியதில்லை. விடுமுறையில் ஊர் செல்லும்போது, நிலமெடுப்பு அறிவிப்பு வந்த வீடு ஒன்று உங்கள் தெருவில் இருக்கக் கூடும். அதைப் படித்துப் பொருள் சொல்லுங்கள். அண்டை மனைகளின் பத்திர விலைகளைத் தேடிக் கொடுங்கள். கையெழுத்திடும் முன் அந்த இரண்டு சொற்களை எழுதச் சொல்லுங்கள். என் பாட்டனாருக்கு அன்று அதைச் சொல்ல ஒரு மாணவன் அருகில் இல்லை.