எடையைப் பற்றித் தயங்காமல் பேசுங்கள்

மருந்தகத்தில் எடை பார்த்ததும், "ஆன்ட்டி, சாப்பாட்டைக் குறைங்க" என்று பலர் முன்னிலையில் யாராவது உங்களிடம் சொன்னதுண்டா? அந்தச் சங்கடத்தால் அடுத்த சந்திப்புக்குப் போகாமல் இருந்துவிட்டீர்களா?

உடல் பருமனை வைத்து ஒருவரைச் சோம்பேறி, கட்டுப்பாடு இல்லாதவர் என்று முடிவுகட்டுவது தவறு. அது உடல்நலத்தையும் பாதிக்கும்.

ஏன் கவனிக்க வேண்டும்?

நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும் பெரும்பாலும் தொடக்கத்தில் அறிகுறி காட்டுவதில்லை. பரிசோதனையைத் தவிர்த்தால் கண், சிறுநீரகப் பாதிப்புகள் தாமதமாகவே தெரியவரும். மூச்சு வாங்குவதற்கும் முழங்கால் வலிக்கும் எடைதான் காரணம் என்று விட்டுவிட்டால், வேறு நோய் கவனிக்கப்படாமல் போகலாம்.

எடை ஏன் கூடுகிறது?

உணவு மட்டுமே காரணமல்ல. மரபு, தூக்கக் குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மூட்டு வலியால் நடமாட்டம் குறைவது ஆகியவையும் காரணமாகலாம். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனச்சோர்வு மருந்துகளும் எடையைக் கூட்டக்கூடும். ஆனால், மருத்துவரைக் கேட்காமல் எந்த மருந்தையும் நிறுத்தாதீர்கள்.

எண்களைப் புரிந்துகொள்ளுங்கள்

சிங்கப்பூரில் உடல் எடைக் குறியீடு 23 முதல் 27.4 வரை இருந்தால் மிதமான அபாயம், 27.5 அல்லது அதற்கு மேல் என்றால் அதிக அபாயம். இது நோய் வரும் வாய்ப்பைக் காட்டும் அளவு மட்டுமே. 80 கிலோ எடையுள்ளவர் 4 கிலோ குறைத்தாலே ரத்தச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மேம்படலாம்.

அடுத்த சந்திப்பில் இப்படிக் கேளுங்கள்

• "என் எடையைச் சத்தமாகச் சொல்லாமல் குறித்துக்கொள்ள முடியுமா?"
• "பெரிய அளவு ரத்த அழுத்தப் பட்டை இருக்கிறதா?" பட்டை கைக்குச் சிறியதாக இருந்தால், அழுத்தம் உண்மையைவிட அதிகமாகக் காட்டும்.
• "எடை குறைவானவருக்கு இதே வலி வந்தால் என்ன பரிசோதனை செய்வீர்கள்?"
• "நான் சாப்பிடும் மருந்துகளில் எடையைக் கூட்டுவது ஏதாவது உண்டா?"

கேட்கக் கூச்சமாக இருந்தால், கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். மகனையோ மகளையோ உடன் அழைத்துச் செல்லலாம்.

மூத்தோர் கவனத்திற்கு

எடை குறைக்கப் பட்டினி கிடக்காதீர்கள். கொழுப்போடு தசையும் கரைந்து, கீழே விழும் அபாயம் கூடும். முயற்சி எதுவும் செய்யாமலே எடை குறைந்தால், உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தவறவிட்ட சந்திப்பு ஏதேனும் இருந்தால், இன்றே அழைத்துப் புதிய தேதி கேளுங்கள். மரியாதையான கவனிப்பைப் பெற உங்களுக்கு உரிமை உண்டு.