நாளும் இடமும் குறித்துச் செய்வோம்

"அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லாதவர் நம்மில் யாருமிலர். திருக்குறளின் 61ஆம் அதிகாரமாகிய மடியின்மையில், மனிதரைக் கெடுக்கும் நான்கினை வள்ளுவப் பெருந்தகை எண்ணிக் காட்டுகிறார். காலம் தாழ்த்துதல், மறதி, சோம்பல், மிகுந்த உறக்கம் என்பன அவை. காலம் தாழ்த்துவதையும் சோம்பலையும் அவர் தனித்தனியே வைத்திருப்பது கவனிக்கத்தக்கது. வருமான வரிக் கணக்கை எழுத வேண்டிய நாளில் வீடு முழுவதையும் கூட்டித் துடைப்பவர் சோம்பேறி அல்லர். அந்தக் கணக்கை நினைத்ததும் எழும் சங்கடத்திலிருந்து தப்பி ஓடுகிறவர். தள்ளிப்போடுவது கடிகாரத்தின் குறையன்று, மனத்தின் குறை என்றே இன்றைய உளவியல் ஆய்வாளர் பலரும் கருதுகின்றனர்.

இதற்கு மருந்து நம் வழிபாட்டிலேயே இருக்கிறது. பூசை தொடங்குமுன் குருக்கள் செய்யும் சங்கல்பத்தை அன்பர்கள் சற்றுக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். (அர்ச்சனைச் சீட்டை நீட்டியதோடு சரி, நானும் பல்லாண்டுகள் கேட்டதில்லை.) ஆண்டு, அயனம், ருது, மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் என்று காலத்தைச் சொல்கிறார். நிற்கும் இடத்தைச் சொல்கிறார். பிறகு இன்னார், இன்ன பலனை வேண்டி, இன்ன பூசையைச் செய்கிறார் என்று முடிக்கிறார். "நேரம் கிடைக்கும்போது செய்வேன்" என்று ஒரு சங்கல்பம் கிடையாது!

ஜெர்மனியில் உளவியல் பேராசிரியர் பீட்டர் கோல்விட்சர் சக ஆய்வாளருடன் 1997இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு அரண் செய்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளைக் கழித்த விதத்தை இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்புமாறு மாணவர்களிடம் கேட்டார்கள். எப்போது, எங்கே அமர்ந்து எழுதுவோம் என்பதையும் முன்கூட்டியே குறித்துக்கொண்டவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் உரிய காலத்தில் எழுதி முடித்தனர். அப்படிக் குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே முடித்தனர்.

ஆகவே "இந்த வாரம் எப்படியாவது" என்பதை விட்டுவிட்டு, "செவ்வாய் இரவு எட்டு மணிக்கு, சாப்பாட்டு மேசையில், முதல் பக்கம் மட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். முதல் பக்கம் மட்டும் என்பது முக்கியம். மலைக்க வைப்பது பெரும்பாலும் தொடக்கம்தான்.

இதை நான் கற்றுக்கொள்ளக் கொடுத்த விலை சிறிதன்று. பத்துமலைப் படியை என்னோடு ஏற வேண்டுமென்று என் தாயார் கேட்டார். பள்ளி விடுமுறை வரட்டும் என்றேன். விடுமுறைகள் வந்தன, வேலையும் வந்தது. நான்காம் ஆண்டில் அழைத்துச் சென்றபோது அவருக்கு முழங்கால் மடங்கவில்லை. "நீ போயிட்டு வாப்பா, நான் இங்கேயிருந்தே கும்பிட்டுக்கிறேன்" என்று அடிவாரத்தில் அமர்ந்துவிட்டார். 272 படிகளையும் தனியாக ஏறி, திருநீறு வாங்கி வந்து அவர் நெற்றியில் இட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது தேவார வகுப்பில் சேர ஆசைப்படுகிறார். வரும் ஞாயிறு காலை ஒன்பது மணி என்று நாட்காட்டியில் எழுதி, அவர் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறேன்.