நன்றி கூறி உண்ணும் மக்கள்

(பத்தாம் வகுப்பு மாணவி)

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் முன்னோர் சொல்லிச் சென்ற பழமொழி. இக்கருத்தை நாள்தோறும், வேளைதோறும் வாய்விட்டுச் சொல்லியே உணவில் கை வைக்கும் மக்கள் கிழக்கே ஒரு தீவு நாட்டில் வாழ்கிறார்கள். அவர்களே ஜப்பானியர். ஒரு நாட்டு மக்களின் பண்பை அறிய அவர்களுடைய அரண்மனைகளையும் ஆலயங்களையும் மட்டும் பார்த்தால் போதாது; அவர்கள் உண்ணும் இடத்தையும் பார்க்க வேண்டும். அதுவும் மாநகரின் பெரிய விடுதிகளை அல்ல. ரயில் நிலையத்தை அடுத்த சந்திலோ, குடியிருப்புத் தெருவின் முனையிலோ கணவனும் மனைவியுமாக நடத்தும் சிறு உணவகமே நமக்குப் பாடம் சொல்லும். வாருங்கள் தோழியரே, ஏடுகளின் துணைகொண்டு அத்தகைய கடை ஒன்றினுள் நுழைவோம்.

வாசல்

கடையின் வாயிலில் இடையிடையே கீறல் விட்ட துணித்திரை ஒன்று தொங்குகிறது. இதற்கு நோரென் என்று பெயர். திரை வெளியே தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று பொருள்; கடை மூடும் வேளையில் அதை உள்ளே எடுத்துவிடுவார்கள். பல கடைகளில் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் உணவு வகைகள் அழகுற அடுக்கப்பட்டிருக்கும். அவை உண்மை உணவு அல்ல, பொம்மைகள்! குஜோ ஹச்சிமான் என்ற ஊரில் பிறந்த இவாசாகி தாகிசோ என்பவர் 1932-ஆம் ஆண்டில் மெழுகினால் இத்தகைய பொம்மைகள் செய்யும் தொழிலகத்தைத் தொடங்கினார். இக்காலத்தில் அவற்றைப் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். எழுத்தறியாத அயல்நாட்டவரும் விரலால் சுட்டிக்காட்டி வேண்டியதைப் பெறலாம்.

திரையை விலக்கி நுழைந்ததும் "இரஷ்ஷாய்மாசே!" என்ற குரல் எழுகிறது. "வாருங்கள், வாருங்கள்" என்பதே இதன் பொருள். அமர்ந்தவுடன் கை துடைக்க ஈரத்துண்டு வருகிறது. குளிர்காலத்தில் அது சூடாகவும், வெயிற்காலத்தில் குளிர்ச்சியாகவும் இருக்கும். தண்ணீருக்கோ தேநீருக்கோ பெரும்பாலும் காசு கிடையாது. நீண்ட பலகை ஒன்றின் இப்புறம் உண்பவர்கள். அப்புறம் அடுப்பும் சமையல்காரரும். சமைப்பவர் முகத்தை உண்பவர் காண்கிறார். உண்பவர் முகத்தைச் சமைப்பவர் காண்கிறார். இந்த அமைப்பில் ஒளிவுமறைவுக்கு இடமே இல்லை.

தட்டில் வருபவை

நண்பகலில் பலரும் கேட்பது தெய்ஷோகு என்னும் முழுச் சாப்பாடு. இடப்பக்கம் ஒரு கிண்ணம் வெண்சோறு; வலப்பக்கம் சோயா மொச்சையைப் புளிக்கவைத்துச் செய்த மிசோ விழுதின் சாறு; நடுவே வறுத்த மீனோ வேறு கறியோ; ஓரத்தில் சிறிது ஊறுகாய். பெரும்பாலான குழம்புகளுக்கும் சாறுகளுக்கும் அடிப்படை தாஷி என்னும் தெளிந்த நீர். கொம்பு என்ற கடற்பாசியையும், சூரை மீனை வேகவைத்துப் புகையிட்டு உலர்த்திய துண்டின் சீவலையும் இட்டு அதைச் செய்கிறார்கள். நம் கடற்கரை ஊர்களில் மாசிக் கருவாடு என்கிறார்களே, ஏறத்தாழ அதைப் போன்றதே இம்மீன்.

இந்தச் சாற்றின் சுவை எதனால் வருகிறது என்று ஆராய்ந்தவர் தோக்கியோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் இக்கேதா கிக்குனாயே. அவர் 1908-ஆம் ஆண்டில் கடற்பாசியிலிருந்து குளுட்டாமேட் என்னும் பொருளைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். வீட்டுச் சாறு ஒன்றிலிருந்து உலக விஞ்ஞானத்திற்கு ஒரு புதிய சொல் கிடைத்தது.

பிறர் தந்த உணவு

உணவுப் பட்டியலைச் சற்று ஊன்றிப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. ஜப்பானியர் தம்முடையதென்று போற்றும் உணவுகளில் பல, பிறநாட்டார் கொண்டுவந்தவை. ராமென் என்னும் நூடுல்ஸ் சீனாவிலிருந்து வந்தது. மாவில் தோய்த்துப் பொரிக்கும் தெம்புரா, 16-ஆம் நூற்றாண்டில் வந்த போர்த்துகீசியரிடமிருந்து கற்றது. 1543-இல் போர்த்துகீசிய வணிகர் ஜப்பானை அடைந்தனர். நம் முத்துக்குளித்துறையில் 1542 முதல் உழைத்த புனித சவேரியார், 1549 ஆகஸ்ட் 15-ஆம் நாள் ககோஷிமாவில் கரையிறங்கினார். ஆண்டுக்கு நான்கு முறை, மும்மூன்று நாட்கள் ஒருசந்தியும் சுத்தபோசனமும் காப்பது அக்காலத் திருச்சபையின் வழக்கம். இறைச்சியை விலக்கிய அந்நாட்களுக்கு லத்தீன் மொழியில் உள்ள தெம்போரா என்ற பெயரே தெம்புரா ஆயிற்று என்பர் சிலர். சமையலைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது என்பர் வேறு சிலர். எப்படியாயினும் கடல் கடந்து வந்த விருந்தாளி அது.

ஜப்பானியக் குழந்தைகள் விரும்பியுண்ணும் கறிச்சோற்றின் வேர் நம் பாரத நாட்டில் உள்ளது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் வழியாக அது அங்கே சென்றது. பின்னர், 1915-இல் ஜப்பானில் அடைக்கலம் புகுந்த விடுதலை வீரர் ராஷ் பிஹாரி போஸ், தமக்குப் புகலிடம் தந்த நாகாமுராயா கடையினருக்கு இந்திய முறைக் கறியைக் கற்றுத் தந்தார். 1927 முதல் அந்தக் கடையில் அது விற்பனையாயிற்று. உயிரைக் காத்தவர்களுக்கு அவர் சமையலால் நன்றி செலுத்தினார் என்றால் அது மிகையாகாது.

இரண்டு சொற்கள்

இனி இக்கட்டுரையின் கருப்பொருளுக்கு வருகிறேன். உண்ணத் தொடங்குமுன் ஜப்பானியர் கைகூப்பி "இத்தடாக்கிமாஸ்" என்கிறார்கள். "பணிந்து பெற்றுக்கொள்கிறேன்" என்பது இதன் பொருள். பெற்ற பொருளைத் தலைக்கு மேல் உயர்த்தி வணங்குவதைக் குறித்த சொல்லிலிருந்து இது பிறந்தது. உழவருக்கும், மீனவருக்கும், சமைத்தவருக்கும், நமக்காக உயிர்விட்ட மீனுக்கும் செடிக்கும் கூட இந்த வணக்கம் உரியது என்று பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

உண்டு முடித்ததும் சொல்வது "கோச்சிசோசாமா." இதிலுள்ள சிசோ என்ற சொல்லை எழுதும் இரண்டு எழுத்துகளுக்கும் ஓடுதல் என்றே பொருள். விருந்தினருக்காகப் பொருள் தேடி அங்குமிங்கும் ஓடியவரை நினைத்துச் சொல்லும் நன்றி அது. பணத்தைச் சிறு தட்டில் வைத்துவிட்டு, இச்சொல்லை அடுப்பருகே நிற்பவர் காதில் விழும்படி கூறிச் செல்கிறார்கள். அங்கே இனாம் கொடுக்கும் பழக்கம் இல்லை. கூடுதலாக வைத்தாலும் திருப்பித் தருவதே வழக்கம். உழைப்புக்குரிய விலை போதும், மீதிக்கு நல்ல சொல் போதும் என்பது அவர்கள் கொள்கை.

இப்பழக்கம் தானாக வந்துவிடவில்லை. 1954-இல் பள்ளி உணவுச் சட்டம் இயற்றப்பட்டது. பள்ளிகளில் மாணவ மாணவியரே வெள்ளை மேலாடையும் தொப்பியும் அணிந்து, முறைவைத்துத் தம் வகுப்பினருக்குப் பரிமாறுகிறார்கள். அனைவரும் சேர்ந்து அந்தச் சொல்லைக் கூறிய பிறகே உண்கிறார்கள். பரிமாறியவளுக்குத்தான் பரிமாறுகிறவரின் அருமை தெரியும்.

இன்றைய நிலை

1958-இல் ஷிராயிஷி யோஷியாக்கி என்பவர், பீர் தொழிற்சாலையில் பட்டைமீது புட்டிகள் நகர்வதைக் கண்டு, சுஷித் தட்டுகள் தாமே சுற்றிவரும் கடையை ஒசாக்கா அருகே திறந்தார். விலை குறைந்தது, ஏழை எளியவரும் சுஷி உண்ண முடிந்தது. இது நன்மையே. ஆனால் இன்று பல கடைகளில் இயந்திரத்தில் காசிட்டுச் சீட்டுப் பெற்று, யாரிடமும் ஒரு சொல் பேசாமல் உண்டு திரும்பலாம். மறுபுறம், முதியவர்கள் நடத்தும் சிறு உணவகங்கள் பல, தொழிலை ஏற்க வாரிசு இல்லாமல் மூடப்படுகின்றன. ஜப்பானியரின் மரபு உணவு முறையான வாஷோக்குவை 2013-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. ஏட்டில் ஏறினால் மட்டும் ஒரு பண்பாடு வாழ்ந்துவிடுமா? திரையை வெளியே தொங்கவிட ஒரு கை வேண்டும். உண்டபின் நன்றி கூற ஒரு நாவும் வேண்டும்.

நாம் கற்பது

உண்ணுமுன் இறைவனுக்கு நன்றி கூற நம் கன்னியர் நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். இறைவன் தரும் உணவு யாரோ ஒருவரின் கைவழியாகவே நம் இலைக்கு வருகிறது. அந்தக் கை விடியுமுன் அடுப்பு மூட்டிய தாயின் கையாகவோ, விடுதிச் சமையலறையில் பாத்திரம் துலக்கும் அக்காவின் கையாகவோ இருக்கலாம். எல்லோரும் உண்டபின் கடைசியாக உண்பவரும் அவரே. அவரிடம் "சாப்பாடு நன்றாயிருந்தது அம்மா" என்று சொல்ல ஜப்பானிய மொழி தேவையில்லை. தோழியரே, இன்றிரவு கை கழுவ எழும் முன் அதைச் சொல்லிப் பாருங்கள். கேட்பவர் முகத்தில் தோன்றும் மலர்ச்சியே இக்கட்டுரைக்கு நான் விரும்பும் பரிசு.