கீழ் டிவிஷனுக்குப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெரிய கிளப் உன்னை விட்டுவிட்டது, கீழ் டிவிஷன் கிளப் ஒன்று கூப்பிடுகிறது, போனால் மேலே வரவே முடியாதோ என்று கேட்டிருக்கிறாய். போ. நீ பெஞ்சில் உட்கார்ந்தே ஒரு சீசனைக் கழித்தவன். ஃபார்வர்டு வளர்வது மேட்ச்சில்தான். இங்கிலாந்துக் கால்பந்து ஆட்டக்காரர் ஆர்தர் ரௌலியைப் பற்றிச் சொன்னால் உனக்கே புரியும்.

1926-இல் வுல்வர்ஹாம்ப்டனில் பிறந்தவர். அண்ணன் ஜாக் ரௌலி மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் இங்கிலாந்துக்கும் ஆடியவர். தம்பி வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனில் தொடங்கினார்; அங்கே லீக் ஆட்டங்களில் அவர் அடித்தது நாலே கோல். உன் வயதில் அவர் கணக்கு அவ்வளவுதான். அடுத்து ஃபுல்ஹாமில் 27. 1950-இல் லெஸ்டர் சிட்டி. எட்டு வருஷத்தில் 251 கோல், அவற்றில் பெரும்பாலானவை இரண்டாம் டிவிஷனில். இடது காலால் அவர் அடிக்கும் அடிக்காகவே கூட்டம் வரும். இருந்தும் இங்கிலாந்தின் முதன்மை அணிக்கு ஒருமுறைகூட அவரைக் கூப்பிடவில்லை. எனக்கு இது இன்றும் ஆறாத விஷயம்.

1958-இல், 32 வயதில், முதல் டிவிஷனில் இருந்த லெஸ்டரை விட்டு ஷ்ரூஸ்பரி டவுனுக்குப் போனார், ஆட்டக்காரராகவும் மேனேஜராகவும். புதிதாக உருவான நான்காம் டிவிஷனுக்கு அதுதான் முதல் சீசன். ஷ்ரூஸ்பரியின் மைதானம் செவர்ன் ஆற்றங்கரையில் இருந்தது. பந்து ஆற்றில் விழுந்தால் பரிசலில் போய் எடுத்துவர ஆள் வைத்திருந்தார்கள். அந்தக் கிளப்புக்காக ரௌலி 152 கோல் அடித்தார். முதல் சீசனிலேயே கிளப்பை மூன்றாம் டிவிஷனுக்கு ஏற்றினார். 1961-இல் டிக்சி டீனின் சாதனையான 379 லீக் கோல்களைத் தாண்டினார். 1965-இல் ஆட்டத்தை நிறுத்தியபோது 619 ஆட்டம், 434 கோல். இங்கிலாந்து லீகில் அந்தக் கணக்கை இன்றுவரை யாரும் தொடவில்லை.

அந்த 619 எப்படிப்பட்டவை என்று யோசித்துப் பார். இங்கிலாந்து லீகில் மாற்று ஆட்டக்காரரை இறக்க அனுமதி வந்ததே 1965 ஆகஸ்டில்தான். கணுக்கால் பிசகினாலும் நொண்டிக்கொண்டே நிற்க வேண்டும். வெளியேறினால் அணிக்குப் பத்துப் பேர்தான். மழையில் நனைந்து கனத்த தோல் பந்து, ஜனவரிச் சேறு. வாராவாரம் ஆடத் தகுந்த உடம்பை அவ்வளவு வருஷம் காத்ததைத்தான் அவரிடம் நான் பெரிதாக மதிக்கிறேன். உன்னிடம் நான் எதிர்பார்ப்பதும் அதுதான். நேரத்துக்குத் தூங்கு, சின்ன வலியையும் மறைக்காதே.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். அன்று எல்லா டிவிஷனுக்கும் ஒரே உச்சவரம்பு: 1947-இல் வாரத்துக்கு 12 பவுண்டு, 1958-இல் 20. அதற்கு மேல் கொடுத்தால் கிளப்புக்குத் தண்டனை. ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் பதிவை விடாவிட்டால் லீகில் வேறெங்கும் ஆட முடியாது. ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தத்துக்குத் தயாரான பிறகுதான் 1961 ஜனவரியில் உச்சவரம்பு போயிற்று. நியூகாசிலை விட்டுப் போக விரும்பிய ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் வழக்குப் போட்டு, ஒப்பந்தம் முடிந்த பிறகும் கட்டிவைக்கும் அந்த முறை நியாயமற்ற தடை என்று 1963-இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸிடம் தீர்ப்பு வாங்கினார். ரௌலியின் தலைமுறை தன் ஆட்ட வயதின் பெரும்பகுதியை அந்தக் கட்டுக்குள்தான் கழித்தது.

ஆகவே கையெழுத்துப் போடுமுன் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கு: ஒப்பந்தம் எத்தனை வருஷம், இடையில் வேறு கிளப் கேட்டால் உன்னை எப்படி விடுவிப்பார்கள், அடிபட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது. வாய்வார்த்தையை நம்பாதே. புரியாத வரி ஒன்றிருந்தாலும் நகலை எனக்கு அனுப்பு. தெரிந்த வக்கீலிடம் காட்டிப் பதில் எழுதுகிறேன். பயிற்சி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்றும் சொல்.

அன்புடன்,
உன் அண்ணன்